யாரும் விட்டுக்கொடுத்த பட்டமல்ல

2018–19 சீசனில் சென்னை சிட்டி எஃப்சி ஐ-லீக் கால்பந்துப் பட்டத்தை வென்றது என்று யாரிடமாவது சொல்லிப் பாருங்கள். தெரியாதவர்கள் உதட்டைப் பிதுக்குவார்கள். தெரிந்தவர்களோ உடனே வழக்காடத் தொடங்குவார்கள். "அது ஸ்பெயின்காரங்க ஜெயிச்சது, நம்ம பசங்களா ஜெயிச்சாங்க?" என்பது முதல் வாதம். "கடைசி மேட்ச்சுல பஞ்சாப்காரன் விட்டுக்கொடுத்துட்டான்" என்பது இரண்டாவது. "ஐ-லீக்கே ரெண்டாம் நம்பர் லீக்தானே" என்பது மூன்றாவது. மூன்றும் எடுபடாவிட்டால் நான்காவதாக ஒரு பிரம்மாஸ்திரம்: "அந்த டீமே இப்ப இல்லையே சார்!"

பெரிய காஞ்சிபுரத்தில் கால்பந்து பேசுகிறவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அந்தச் சிலரிடமும் இதே பேச்சுதான். விளையாட்டுப் பக்கங்களில் எழுதுகிறவர்கள் இதையே கொஞ்சம் மரியாதையாக 'அதிசயம்' என்கிறார்கள், 'எதிர்பாராத வெற்றி' என்கிறார்கள். சொல் எதுவானாலும் தீர்ப்பு ஒன்று: அது தமிழ்நாட்டுக் கால்பந்தின் சாதனை இல்லை, விலாசம் மாறி நம் வாசலுக்கு வந்துவிட்ட பரிசு.

இந்தத் தீர்ப்பை நான் மறுக்கிறேன். நடந்த உண்மைகளோடு அது பொருந்தவில்லை என்பது ஒரு காரணம். அதைவிடப் பெரிய காரணம், அது பலருக்கு வசதியாக இருக்கிறது என்பது. அதிர்ஷ்டத்தில் வந்தது போய்விட்டால் யாரும் கணக்குக் கேட்பதில்லை. உழைத்துச் சம்பாதித்தது போனால், எப்படிப் போனது, யார் பொறுப்பு என்று கேட்டாக வேண்டும். கேட்கக் கூடாது என்பவர்களுக்கு 'அதிசயம்' என்ற சொல் கைகொடுக்கிறது.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2018 அக்டோபர் 26 அன்று, சென்னை சிட்டியின் சொந்த மைதானமாக இருந்த கோவை நேரு விளையாட்டரங்கில் சீசன் தொடங்கியது. இந்தியன் ஏரோஸ் அணியைச் சென்னை சிட்டி 4–1 என்று வென்றது. முன்கள வீரர் பெட்ரோ மான்சி ஹாட்ரிக் அடித்தார். மொத்தம் 11 அணிகள், அணிக்கு 20 ஆட்டங்கள். 2019 மார்ச் 9 அன்று எல்லாம் முடிந்தபோது சென்னைக்கு 13 வெற்றி, 4 டிரா, 3 தோல்வி; புள்ளி 43. கொல்கத்தாவின் ஈஸ்ட் பெங்கால் 42 புள்ளியோடு இரண்டாவது இடம். சென்னை அடித்த கோல்கள் 48, ஈஸ்ட் பெங்கால் அடித்தவை 37.

நாக்-அவுட் கோப்பை என்றால் அதிர்ஷ்டத்துக்கு இடம் உண்டு. நாலைந்து ஆட்டம், ஒரு நல்ல வாரம், இரண்டு பெனால்டி, கோப்பை கைக்கு வந்துவிடும். லீக் அப்படி இல்லை. நான்கரை மாதம் நீளும் அது. ஐசாலுக்கும் இம்பாலுக்கும் ஷில்லாங்குக்கும் போய் ஆடிவிட்டு வரவேண்டும். கொல்கத்தாவில் எதிரணி ரசிகர்களின் கூச்சலுக்கு நடுவே ஆட வேண்டும். ஒரு நாள் அதிர்ஷ்டம் கைகொடுத்தால் இன்னொரு நாள் கைவிடும். 20 ஆட்டத்தில் இரண்டும் சரிக்குச் சரியாகிவிடும். பட்டத்துக்குப் போட்டியிட்ட அதே ஈஸ்ட் பெங்காலைச் சென்னை அவர்கள் ஊரிலும் வென்றது, கோவையிலும் வென்றது. கடைசியில் இரு அணிகளுக்கும் இடையே இருந்த வித்தியாசம் ஒரே ஒரு புள்ளி. நேருக்கு நேர் மோதிய இரண்டு ஆட்டத்திலும் தோற்ற அணி, பட்டத்தைத் தன்னிடமிருந்து விதி பறித்துவிட்டது என்று சொல்ல முடியாது.

இனி ஸ்பெயின்காரர்கள். மான்சி உருகுவேயில் பிறந்தவர், ஸ்பெயினில் ஆடிக்கொண்டிருந்தவர். நெஸ்டர் கோர்டில்லோ, சான்ட்ரோ ரோட்ரிகஸ், ராபர்டோ எஸ்லாவா, கோல்கீப்பர் நவ்ஸெட் சந்தானா ஆகியோர் ஸ்பெயின்காரர்கள். அணியின் முதுகெலும்பு இவர்கள்தான், மறுக்கவில்லை. ஆனால் அந்தச் சீசனில் வெளிநாட்டு வீரர்கள் இல்லாமல் ஆடியவை ஷில்லாங் லஜோங்கும், இளம் இந்திய வீரர்களுக்கென்றே அமைக்கப்பட்ட இந்தியன் ஏரோஸும் மட்டுமே. ஈஸ்ட் பெங்காலின் பயிற்சியாளர் அலெஹாந்த்ரோ மெனென்டெஸ் ஸ்பெயின்காரர். அவர்களது தடுப்பாட்டக்காரர் ஜானி அகோஸ்டா 2018 உலகக் கோப்பையில் கோஸ்டாரிகாவுக்காக ஆடிவிட்டு நேரே கொல்கத்தாவுக்கு வந்தவர். மோகன் பகானில் ஹைட்டியின் சோனி நோர்டே இருந்தார். ரியல் காஷ்மீரின் பயிற்சியாளர் டேவிட் ராபர்ட்சன் ஸ்காட்லாந்துக்காரர். விதி எல்லோருக்கும் ஒன்று. அந்த விதிக்குள் நின்று யார் கூர்மையாகத் தேடினார்கள் என்பதுதான் போட்டி. உலகக் கோப்பை வீரரை வாங்கிய அணியை, ஸ்பெயினின் கீழ்நிலை லீக்குகளில் ஆள்தேடிய அணி முந்தியது. இதற்குப் பெயர் திறமை. ஆளைப் பார்த்து எடுக்கும் கண் கால்பந்து நிர்வாகத்தின் பாதி வேலை.

"மான்சி இல்லையென்றால்?" என்று கேட்பார்கள். நியாயமான கேள்விதான். அவர் 21 கோல் அடித்தார். அதே சீசனில் கோவாவின் சர்ச்சில் பிரதர்ஸுக்காக வில்லிஸ் பிளாசா அடித்ததும் 21 கோல்தான். ஒரு வெளிநாட்டு முன்கள வீரர் தனியாளாகப் பட்டம் வாங்கித் தருவார் என்றால் சர்ச்சிலும் வாங்கியிருக்க வேண்டும். அவர்கள் நான்காவது இடத்தில் முடித்தார்கள். ஒரே அளவு கோல் அடித்த இரண்டு பேர், ஒருவரின் அணி முதலிடம், மற்றவரின் அணி நான்காவது. மிச்சமுள்ள பத்துப் பேர் செய்த வேலையில்தான் அந்த வித்தியாசம் இருக்கிறது. சென்னையின் 48-ல் மான்சியின் 21 போக மிச்சம் 27 கோலை யார் அடித்தார்கள் என்று கேட்க ஆளில்லை.

அந்த மிச்சம் பேர் யார்? அலெக்சாண்டர் ரொமாரியோ ஜேசுராஜ், எட்வின் சிட்னி வான்ஸ்பால், அஜித் குமார் என்ற தமிழ்நாட்டுப் பையன்கள். கேரளத்தின் மஷூர் ஷெரீஃப். அசாமின் கௌரவ் போரா. அடுத்த ஓரிரு ஆண்டுகளில் ரொமாரியோவை எஃப்சி கோவா எடுத்துக்கொண்டது, எட்வினைச் சென்னையின் எஃப்சி, அஜித்தைப் பெங்களூரு, போராவை ஒடிசா, மஷூரை நார்த் ஈஸ்ட் யுனைடெட். ஸ்பெயின்காரர்களுக்குப் பந்து எடுத்துக் கொடுக்க மட்டும் இருந்தவர்கள் என்றால், கோடிகள் புழங்கும் இந்தியன் சூப்பர் லீக் அணிகள் இவர்களை ஏன் தேடிவந்து அள்ளிப் போயின?

காஞ்சிக்காரர்களுக்கு இதைச் சொல்லி விளக்க வேண்டியதே இல்லை. நம் தறியில் ஏறும் பட்டு நூல் பெரும்பாலும் கர்நாடகத்திலிருந்து வருகிறது. ஜரிகை சூரத்திலிருந்து வருகிறது. இரண்டும் பிள்ளையார்பாளையத்துத் தறிக்கு வந்து, உடலும் கரையும் தனித்தனி நாடாவில் ஓடி, கோர்வையில் பிணைந்த பிறகுதான் காஞ்சிப் பட்டாகிறது. புவிசார் குறியீடு தந்தவர்கள் ஜரிகை பிறந்த ஊரைப் பார்க்கவில்லை, நெய்த ஊரைப் பார்த்தார்கள். "ஜரிகை சூரத்துடையது, அதனால் சேலையும் குஜராத்துடையது" என்று காந்தி ரோட்டுக் கடையில் யாராவது சொன்னால் கல்லாவில் இருப்பவர் சிரித்துவிடுவார். அதே ஊரில் இருந்துகொண்டு, கால்பந்து என்று வந்தவுடன் அதே வாதத்தை நாமே தலையாட்டி ஏற்றுக்கொள்கிறோம். அங்கே நெய்தவர் சிங்கப்பூரிலிருந்து வந்த பயிற்சியாளர் அக்பர் நவாஸ். முந்தைய இரண்டு சீசனிலும் பட்டியலின் கீழ்ப்பாதியில் கிடந்த ஓர் அணியை எடுத்து, கீழிருந்தே பந்தைக் கடத்தி ஆடும் அணியாக ஒரே சீசனில் மாற்றினார். அதிசயம் என்று எழுதுகிறவர்கள் அவர் பெயரைக்கூட எழுதுவதில்லை.

இரண்டாவது வாதம் கொஞ்சம் விஷமானது. கடைசி நாளில் சென்னைக்கு 40 புள்ளி, ஈஸ்ட் பெங்காலுக்கு 39. கோவையில் சென்னை, மினர்வா பஞ்சாபை எதிர்கொண்டது. கோழிக்கோட்டில் ஈஸ்ட் பெங்கால், கோகுலம் கேரளாவை. சென்னை 3–1 என்று வென்றது. பஞ்சாப் அணி இரண்டாம் பாதியில் முழு மூச்சாக ஆடவில்லை என்று ஐயம் கிளம்பியது. இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு விசாரிக்கிறது என்ற செய்திகளும் வந்தன. பட்டம் சென்னையிடமே நின்றது. ஆனால் சந்தேகம் மட்டும் டீக்கடைகளில் உயிரோடு இருக்கிறது.

விட்டுக்கொடுக்க வந்த அணி மூன்றாவது நிமிடத்திலேயே கோல் அடிக்குமா? அடித்தது. ரோலண்ட் பிலாலாவின் கோலில் கோவையே வாயடைத்துப் போனது. இடைவேளை வரை சென்னை 0–1 என்று பின்தங்கியே இருந்தது. இரண்டாம் பாதியில் மான்சி பெனால்டியில் சமன் செய்தார். அடுத்த இரண்டு கோலையும் அடித்தவர் கௌரவ் போரா, ஓர் இந்தியத் தடுப்பாட்டக்காரர். பட்டத்தை உறுதிசெய்த கோல் ஸ்பெயின்காரர் காலிலிருந்து வரவில்லை என்பதை முதல் வாதக்காரர்களும் குறித்துக்கொள்ளலாம். மினர்வாவோ முந்தைய ஆண்டின் சாம்பியன் என்ற பெயரோடு வந்திருந்தாலும் அந்தச் சீசனில் பட்டியலின் அடிப்பகுதியில் தத்தளித்த அணி. கீழே கிடக்கும் அணி, முதலிடத்து அணியின் சொந்த மைதானத்தில் தோற்பது உலகெங்கும் வாராவாரம் நடப்பது. அதற்குச் சதி தேவையில்லை.

சதிக் கதை ஏன் இவ்வளவு வேகமாகப் பரவியது என்பதற்கும் காரணம் உண்டு. ஈஸ்ட் பெங்கால் தேசிய லீக்கைக் கடைசியாக வென்றது 2003–04-ல். பதினைந்து ஆண்டு காத்திருந்த பெரும் ரசிகர் கூட்டம் கடைசி நாளில் ஏமாந்தது. அன்று அவர்கள் அணியும் வென்றது, ஆனால் முதலில் பின்தங்கி, பிறகு போராடி 2–1. அந்த வலியை நான் மதிக்கிறேன். ஆனால் கொல்கத்தாவின் ஆற்றாமையை எடுத்து நம் ஊர் வரலாறாக எழுதிக்கொள்ளும் கட்டாயம் நமக்கு இல்லை.

மூன்றாவது வாதம், 'ரெண்டாம் நம்பர் லீக்'. இன்று அது உண்மை. அன்று உண்மையல்ல. 2018–19-ல் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றுக்கு இந்தியாவிலிருந்து போகும் உரிமை ஐ-லீக் வெற்றியாளருக்கே இருந்தது. சூப்பர் லீக் வெற்றியாளருக்கு அடுத்த தட்டான ஆசிய கால்பந்துக் கூட்டமைப்புக் கோப்பை. சூப்பர் லீக்கை நாட்டின் முதல்நிலை லீக்காக ஆக்கும் திட்டம் ஒப்புதல் பெற்றது 2019 அக்டோபரில், சென்னை பட்டம் வாங்கி ஏழு மாதம் கழித்து. பின்னால் போட்ட விதியை வைத்து முன்னால் வாங்கிய பட்டத்தை எடைபோடுவது எந்த ஊர் நியாயம்?

காகித உரிமை வேண்டாம், மைதானத்தில் பார்ப்போம் என்றால் அதற்கும் சாட்சி இருக்கிறது. 2019 ஏப்ரலில் புவனேஸ்வரில் சூப்பர் கோப்பை நடந்தது. பல ஐ-லீக் அணிகள் கூட்டமைப்போடு பிணங்கிப் புறக்கணித்த அந்தப் போட்டியில் சென்னை சிட்டி ஆடியது. காலிறுதியில் எதிரே நின்றது பெங்களூரு எஃப்சி, சுனில் சேத்ரியின் அணி, அந்த ஆண்டின் சூப்பர் லீக் சாம்பியன். இரண்டு லீக்குகளின் சாம்பியன்களும் நேருக்கு நேர். சென்னை 2–1 என்று வென்றது. அரையிறுதியில் எஃப்சி கோவாவிடம் தோற்றது உண்மை. ஆனால் எந்த லீக் பெரிது என்று வாதாடுகிறவர்கள் அந்தக் காலிறுதியை ஒருமுறையாவது நினைவில் கொண்டுவர வேண்டும். அதே ஆண்டு சூப்பர் லீக்கில் நம் இன்னொரு அணியான சென்னையின் எஃப்சி கடைசி இடத்தில் முடிந்தது. கடைசியில் வந்த அணியின் கொடியும் விளம்பரமும் நமக்கு நினைவிருக்கிறது; முதலில் வந்த அணியைத்தான் மறந்துவிட்டோம்.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் சொல்லாமல் ஓடும் ஒரு நம்பிக்கை இருக்கிறது: தமிழ்நாடு கிரிக்கெட் மண், கால்பந்து இங்கே ஒட்டாது. காஞ்சியின் மைதானங்களில் மாலையில் மட்டை பிடிக்கும் பிள்ளைகளே அதிகம் என்பது உண்மைதான். அதற்காக மாநிலம் முழுவதும் காஞ்சியாகிவிடாது. நீலகிரி வெலிங்டனிலிருந்து போன மெட்ராஸ் ரெஜிமென்டல் சென்டர் 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பையை வென்றது. ஆசியாவே கொண்டாடிய கோல்கீப்பர் பீட்டர் தங்கராஜ் அந்த அணியில் ஆடியவர். தஞ்சாவூரின் சைமன் சுந்தர்ராஜ் 1960 ரோம் ஒலிம்பிக் அணியில் இருந்தார். 2012 சந்தோஷ் கோப்பை இறுதி ஆட்டம் வரை தமிழ்நாடு போய், சர்வீசஸிடம் 2–3 என்று நூலிழையில் தோற்றது. வடசென்னை வியாசர்பாடியிலும் குமரிக் கடலோரக் கிராமங்களிலும் பந்துதான் விளையாட்டு. சென்னை சிட்டியில் ஆடி மேலே போன மைக்கேல் சூசைராஜ் அந்தக் கடலோரப் பிள்ளை. அதே அணியில் ஆடிய நந்தகுமார் சேகர் 2023 ஆகஸ்டில் டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்காலுக்காக அடித்த ஒரே கோலில் மோகன் பகான் தோற்றது. சென்னைச் சாம்பியன்கள் மீது கோபம் கொண்டிருந்த அந்த ரசிகர்கள் அன்று தலையில் தூக்கிவைத்து ஆடியது ஒரு தமிழ்நாட்டுப் பையனை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சென்னை சிட்டி பட்டம் வாங்கி இரண்டு மாதம் கழித்து, 2019 மே மாதம், லூதியானாவில் இந்திய மகளிர் லீக் இறுதி ஆட்டம் நடந்தது. மணிப்பூர் போலீஸ் அணியை 3–1 என்று வென்று பட்டம் வாங்கியது மதுரையின் சேது எஃப்சி. கடலூர்ப் பெண் இந்துமதி கதிரேசன் ஆடிய அணி அது. அதற்கு முந்தைய ஆண்டு, 2018-ல், தமிழ்நாட்டுப் பெண்கள் மணிப்பூரையே இறுதி ஆட்டத்தில் வென்று தேசிய சாம்பியன் ஆகியிருந்தார்கள். ஒரே சீசனில் ஆண்கள் லீக், பெண்கள் லீக் இரண்டும் தமிழ்நாட்டுக்கு வந்தன. ஒன்று அதிசயம் என்றால் இரண்டையும் என்னவென்று சொல்வது?

கடைசியாக அந்தப் பிரம்மாஸ்திரம்: அணியே இல்லை. ஆமாம், 2020–21 சீசனுக்குப் பிறகு சென்னை சிட்டி ஐ-லீக்கில் இல்லை. ஆனால் வென்றவன் பிறகு வீழ்ந்தால் வென்றது பொய்யாகிவிடாது. 2015–16-ல் இங்கிலாந்தின் பிரீமியர் லீக்கை வென்ற லெஸ்டர் சிட்டி 2023-ல் இரண்டாம் நிலைக்கு இறங்கியது. இத்தாலியில் 1984–85 பட்டத்தை வென்ற வெரோனா சில ஆண்டுகளிலேயே திவாலானது. அந்தப் பட்டங்களை அந்தந்த ஊர்க்காரர்கள் யாரும் அழித்து எழுதவில்லை.

வீழ்ச்சிக்குக் காரணம் தேடினால் கைக்கு எட்டும் தூரத்திலேயே இருக்கிறது. சாம்பியனானதற்குப் பரிசாக அந்த அணிக்கு மேலே ஏற ஒரு படி இல்லை. சூப்பர் லீக்கின் கதவு அன்று பணம் கட்டி நுழைகிறவர்களுக்கு மட்டுமே திறந்திருந்தது. ஆடி வென்று நுழைய வழியில்லை. சீசனின் நடுவிலேயே ஐ-லீக்கின் தொலைக்காட்சி ஒளிபரப்பு குறைக்கப்பட்டது. ஒளிபரப்பு இல்லாத அணிக்கு விளம்பரதாரர் எங்கிருந்து வருவார்? சுவிட்சர்லாந்தின் எஃப்சி பாசல் 26 சதவீதப் பங்கை வாங்கியது, அதுவும் நிலைக்கவில்லை. மான்சி 2020 தொடக்கத்தில் ஜப்பானின் அல்பிரெக்ஸ் நீகாட்டாவுக்குப் போனார். அதே ஜனவரியில் ஆசியச் சாம்பியன்ஸ் லீக் தகுதிச் சுற்றில் பஹ்ரைனின் அல் ரிஃபாவை எதிர்கொண்டது சென்னை சிட்டி. அந்த 'உள்ளூர்' ஆட்டம் கோவையில் நடக்கவில்லை, சென்னையிலும் நடக்கவில்லை, அகமதாபாத்தில் நடந்தது. 0–1 என்று தோற்றார்கள். ஆசியப் போட்டிக்குத் தகுதிபெற்ற தமிழ்நாட்டு அணியைத் தமிழ்நாட்டில் ஆடவைக்க நமக்கு ஒரு மைதானம் இல்லாமல் போனது.

இதோடு இன்னொரு அணியின் கதையை ஒப்பிடுங்கள். கடைசி நாளில் கோவையில் தோற்ற மினர்வா பஞ்சாப் பிறகு கைமாறி, ரவுண்ட்கிளாஸ் என்ற பெயரில் பணமும் பொறுமையும் உள்ள நிர்வாகத்தைப் பெற்றது. 2022–23-ல் ஐ-லீக்கை வென்றது. அதற்குள் விதியும் மாறியிருந்தது. வென்று சூப்பர் லீக்குக்கு உயர்ந்த முதல் அணி அதுவே. நான்கு ஆண்டு முன்னால் அதே பட்டத்தை வாங்கிய சென்னைக்கு அந்தக் கதவு மூடியிருந்தது. கோவையில் தோற்றவர்கள் இன்று சூப்பர் லீக்கில் இருக்கிறார்கள், வென்றவர்கள் எங்கேயும் இல்லை. இதற்குக் காரணம் அதிர்ஷ்டம் என்றால், அந்த அதிர்ஷ்டத்தை எழுதியவர்கள் லீக்கை நடத்தியவர்களும் நம் ஊர்ப் பணக்காரர்களும் நம் விளையாட்டு நிர்வாகிகளும்தான்.

ஆகவே யார் வந்து "ஸ்பெயின்காரன் ஜெயிச்சான், பஞ்சாப்காரன் விட்டான்" என்று சொன்னாலும், அவர்களிடம் கேட்க வேண்டியவை வேறு. நாட்டின் சாம்பியனுக்கு இந்த மாநிலத்தில் ஒரு நிறுவனம்கூட ஏன் தோள் கொடுக்கவில்லை? ஆசியத் தகுதிச் சுற்று ஆட்டம் ஏன் அகமதாபாத்துக்குப் போனது? அடுத்த முறை இங்கே ஓர் அணி பட்டம் வாங்கினால் அதைக் காப்பாற்ற என்ன ஏற்பாடு இருக்கிறது? யாரோ விட்டுக்கொடுத்துப் பெற்ற பட்டம் என்று நம்புகிறவருக்கு இந்தக் கேள்விகளைக் கேட்க உரிமையே கிடையாது. அது நம்முடையது என்று ஒப்புக்கொள்கிறவர்தான், அது கைநழுவியதற்கு யாரிடமும் கணக்குக் கேட்க முடியும்.